கரி சொல்லும் காலமும் நாம் சொல்லும் காலமும்

கடந்த தைத் திங்களில் எம் ஊர்ப் பொங்கல் விழா மேடையில் அன்பர் ஒருவர் முழங்கினார்: “கீழடி நாகரிகம் பத்தாயிரம் ஆண்டுப் பழமையது! இதனை நான் சொல்லவில்லை. கரிமப் பதினான்கு சொல்கின்றது!” கையொலி அடங்க நெடுநேரம் ஆயிற்று. கைதட்டியவருள் யானும் ஒருவன். மறுநாள் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, கரி எப்படி ஆண்டைச் சொல்லும்? பத்தாயிரம் என்று அதுதான் சொன்னதா?” என்று வினவினாள். முப்பது ஆண்டுகளாக இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துவரும் எனக்கு விடை தெரியவில்லை. “நாளை சொல்கின்றேன் அம்மா” என்று அமர்த்தினேன். அந்த ‘நாளை’ வந்துசேர நான்கு திங்கள் ஆயிற்று. வேதியியல் கற்பிக்கும் நண்பரிடம் மாலைதோறும் மாணாக்கனாய் அமர்ந்து கற்றவற்றையும், கற்றபின் என் நெஞ்சில் எழுந்த வருத்தத்தையும் தமிழன்பர்கள்முன் வைக்கவே இதனை எழுதுகின்றேன்.

சொல்லிலிருந்தே தொடங்குவேன், அது தமிழாசிரியன் பழக்கம். 1913-ஆம் ஆண்டு இசுகாட்லாந்து நாட்டுக் கிளாசுகோ நகரில் நடந்த ஒரு விருந்திலே அச்சொல் பிறந்தது. பிரெடரிக்கு சாடி என்னும் வேதியியல் அறிஞர், ஒரே தனிமத்தின் அணுக்கள் எடையால் வேறுபட்டும் வேதியியற் பண்பால் வேறுபடாமலும் இருத்தலை உணர்ந்து, தனிமங்களின் வரிசைப் பட்டியலில் அவை அனைத்திற்கும் ஒரே கட்டத்தைத்தான் கொடுத்தல் வேண்டும் என விளக்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்த மார்கரெட்டு தாடு என்னும் பெண் மருத்துவர், புதினங்களும் எழுதியவர், ‘ஒரே இடம்’ எனப் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து ‘ஐசோடோப்பு’ என்னும் பெயரை எடுத்துக் கொடுத்தார். அவ்வாண்டு முடிவதற்குள் சாடி அதனை அச்சேற்றிவிட்டார். 1921-ஆம் ஆண்டிற்குரிய வேதியியல் நோபல் பரிசு அவர்க்கு வழங்கப்பெற்றது.

ஆங்கிலேயர் கிரேக்கரிடம் கடன் வாங்கிக் கட்டிய சொல் அது. நமக்கோ ‘ஓரிடத்தான்’ என்னும் சொல், கடன்படாமல், பொருள் பிறழாமல், ஐந்தெழுத்துச் சொல்லுக்கு ஆறெழுத்துச் சொல்லாக ஆயத்தமாய் உள்ளது. இருந்தும் நம் பள்ளிப் பாடநூல்கள் ‘ஐசோடோப்பு’ என்றே எழுதுகின்றன. ஈழத்துப் பாடநூல்கள் ‘சமதானி’ என்று வடமொழிக்குப் போய்விட்டன. ‘ஓரிடத்தான் என்பவர், ஒரே கதவெண் கொண்ட வீட்டில் குடியிருக்கும் உடன்பிறந்தார், பெயரும் குணமும் ஒன்று, உடல் எடை மட்டும் வேறு’ என்று அம்மாணவியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள், விளங்கிவிட்டது என்பதற்கு அச்சிரிப்பே சான்று. ஐசோடோப்பு என்று சொல்லியிருந்தால் எழுதிக்கொண்டு மனப்பாடம் செய்திருப்பாள்.

இனிக் கரிமத்திற்கு வருவோம். எந்தக் கரிம அணுவாயினும் அதன் கருவில் நேர்மின்னிகள் ஆறு இருத்தல் வேண்டும். ஆறு இல்லையேல் அது கரிமமே அன்று. அவற்றோடு சேர்ந்திருக்கும், மின்னூட்டமில்லாத நொதுமிகளின் எண்ணிக்கைதான் மாறுவது. நொதுமி ஆறு எனின் கரிமம் 12. ஏழு எனின் கரிமம் 13. எட்டு எனின் கரிமம் 14. உலகத்துக் கரிமத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டே முக்காலுக்கும் மேலானது பன்னிரண்டு. ஏறத்தாழ ஒரு விழுக்காடு பதின்மூன்று. பதினான்கோ உயிருள்ள பொருளில் இலக்கங் கோடி அணுக்களில் ஏறத்தாழ ஒன்றே. பன்னிரண்டும் பதின்மூன்றும் என்றும் மாறாதவை. பதினான்கு மட்டும் நிலைப்பில்லாதது. மேடைகளில் நாம் முழங்குவது அந்த ஒற்றையனின் பெயரைத்தான்.

மற்ற உடன்பிறப்புகளைப் பற்றியும் சில சொல்லவேண்டும். அவர்களும் சும்மா இருப்பவர் அல்லர். எல்லா அணுக்களின் எடையையும் அளக்கும் அளவுகோலாக 1961-ஆம் ஆண்டிலிருந்து கரிமம் 12 விளங்குகின்றது. ஆய்வகத்திலே ஆக்கப்படும் கரிமம் 11 என்பதன் அரைவாழ்வு இருபதே நிமையம். அதற்குள் நோயாளியின் உடலிற் செலுத்திப் படம் எடுத்துவிட வேண்டும். கரிமம் 13 கலந்த யூரியாவைப் பருகச் செய்து, சற்று நேரம் கழித்து மூச்சுக்காற்றை அளந்தால், இரைப்பைப் புண்ணுக்குக் கரணியமான பைலோரி நுண்ணுயிர் வயிற்றில் உண்டா இல்லையா என்று கண்டுவிடலாம். குழாய் விழுங்கும் துன்பம் இல்லை.

எனக்கு மிக இனித்தது வேறொன்று. கரும்பு, சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியன காற்றிலிருந்து கரிமத்தை உண்ணும் முறை ஒன்று. நெல், பனை, தென்னை, பயறுகள், பெரும்பாலான மரங்கள் உண்ணும் முறை வேறொன்று. முதற்கூட்டத்தில் கரிமம் 13 சற்றே மிகுதியாகத் தங்குகின்றது. அவ்வேறுபாடு ஆயிரத்திற் சில பங்குகளே எனினும் கருவி அதனைக் காட்டிவிடும். தேனிலே கரும்புச் சருக்கரைப் பாகைக் கலந்து விற்போரை உலக நாடுகள் இம்முறையாற் கண்டுபிடிக்கின்றன. பனங்கருப்பட்டி என்ற பெயரிலே கரும்புச் சருக்கரையைக் காய்ச்சி ஊற்றி நம்மை ஏய்ப்பாரையும் இதே நெறியால் அடையாளம் காண இயலும். பனை ஒரு கூட்டம், கரும்பு மறு கூட்டம் அன்றோ? புதைகுழியில் கிடைத்த எலும்பை அளந்து, அம்மாந்தர் நெல்லுணவினரா கம்பும் கேழ்வரகும் உண்டவரா என அறிதலும் இம்முறையாலேயே. நம் முதுமக்கள்தாழி எலும்புகளில் இவ்வாய்வு மிகுதியாக நடத்தல் வேண்டும் என்பது என் அவா. ஆண்டின் எண்ணைக் கேட்டுக் கைதட்டும் நாம், அவர்கள் என்ன உண்டார்கள் என்று கேட்பதே இல்லை.

இனிப் பதினான்கு. 1940-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 27-ஆம் நாள், அமெரிக்க நாட்டுப் பெர்க்கிலி ஆய்வகத்தில் மார்ட்டின் காமென், சாம் உரூபன் என்னும் இளைஞர் இருவர் இதனைக் கண்டறிந்தனர். உரூபன் மூன்றாண்டுகள் கழித்து, போர்க்கால ஆய்வொன்றில் நச்சுவளி தாக்கி 29 அகவையிலே மாண்டார். காமெனோ, 1944-இல் நாட்டுப்பற்றில் ஐயப்பட்டு வேலையினின்று நீக்கப்பட்டார். அவ்வையம் பொய்யென நிலைநாட்ட அவர்க்கு ஆண்டுகள் பல ஆயின. அவர்கள் கண்ட பதினான்கைக் கொண்டே, பச்சிலை கதிரவன் ஒளியில் எந்தெந்தப் படிகளில் மாவுப்பொருளைச் சமைக்கின்றது என்பதை மெல்வின் கால்வின் குழுவினர் தடம்பிடித்தனர். 1961-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

பதினான்கு பிறப்பது வானிலே. அண்டக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதுங்கால் சிதறும் நொதுமிகள், அங்குள்ள நைட்ரசன் அணுவைத் தாக்கி அதனைக் கரிமம் 14 ஆக மாற்றுகின்றன. அது உயிர்வளியோடு கூடிக் கரியமிலவளியாகிப் பயிருக்குள் புகுகின்றது. பயிரை உண்ணும் ஆவுக்குள்ளும், ஆவின் பாலைப் பருகும் நமக்குள்ளும் புகுகின்றது. உயிருள்ளவரை வரவும் செலவும் நடந்துகொண்டே இருக்கும். உயிர் பிரிந்த நொடியில் வரவு நின்றுவிடும். செலவு மட்டும் நிற்காது. 5,730 ஆண்டுகளில் பாதி மீண்டும் நைட்ரசனாய் மாறிப் போயிருக்கும். 11,460 ஆண்டுகளில் காற்பங்கு எஞ்சும். ஐம்பதாயிரம் ஆண்டாயின் நானூறில் ஒரு பங்கினும் குறைவே. அதற்கு மேல் இக்கடிகை பேசாது. நிலக்கரியிலும் கன்னெய்யிலும் பதினான்கு இல்லை. அவை அத்துணைப் பழையன.

இக்கடிகையைக் கட்டியவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்து வில்லார்டு இலிப்பி. 1949-இல் அவரும் ஆர்னால்டு என்பாரும் செய்தது நாம் ஊன்றி நோக்கத் தக்கது. தம் முறையை அவர்கள் முதலில் ஏவியது காலம் தெரியாத பொருளின்மீது அன்று. காலம் நன்கு தெரிந்த பொருளின்மீது. எகித்திய மன்னர் கல்லறையில் எடுத்த மரத்துண்டு முதலியவற்றை அளந்து, வரலாற்றார் சொல்லும் ஆண்டோடு தம் அளவீடு பொருந்துகின்றதா என்று தம்மையே தேர்வு செய்துகொண்டனர். அத்தேர்வில் வென்ற பின்னரே உலகம் அதனை ஏற்றது. 1960-இல் இலிப்பி நோபல் பரிசு பெற்றார்.

இவ்வளவும் கற்றபின் யான் செய்த முதற்கணக்கு அந்த மேடைப் பேச்சைப் பற்றியதே. பத்தாயிரம் ஆண்டுக் கரியாயின் அதில் பதினான்கு பத்தில் மூன்று பங்கே எஞ்சியிருத்தல் வேண்டும். கீழடிக் கரியிலோ ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு எஞ்சியுள்ளது. கரி சொன்னது ஈராயிரத்து அறுநூற்றை ஒட்டிய ஆண்டு. பத்தாயிரம் சொன்னது நாம். நம் வாய்ச்சொல்லைக் கரியின் வாயிலே திணித்தோம். மாணவியிடம் அதனை ஒப்புக்கொண்டபோது எனக்குச் சற்று நாணமாய்த்தான் இருந்தது.

‘பத்தாயிரம் இல்லை எனின் போகட்டும், கி.மு. 580 என்பது உறுதியன்றோ?’ எனச் சிலர் கேட்பர். 2019-ஆம் ஆண்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில், 353 செண்டிமீட்டர் ஆழத்துக் கரி கி.மு. 580 எனவும், 200 செண்டிமீட்டர் ஆழத்துக் கரி கி.மு. 205 எனவும் குறிக்கப்பெற்றன. அமெரிக்க நாட்டு மியாமி நகரத்து ஆய்வகம் அளந்து தந்த எண்கள் அவை. உண்மையான எண்களே. எனினும் அவ்வெண்களின் இயல்பை நம்மவர் அறிந்துகொள்ள வேண்டும்.

காற்றில் பதினான்கின் அளவு எக்காலத்தும் ஒரே சீராய் இருந்ததில்லை. ஞாயிற்றின் கொதிப்பும் நிலவுலகின் காந்த வலிமையும் மாறுந்தோறும் அதுவும் ஏறும், இறங்கும். ஆதலால், கலிபோர்னிய மலைகளின் நெடுவாழ்நாள் ஊசியிலை மரங்கள், ஐரோப்பியக் கருவாலி மரங்கள் ஆகியவற்றின் ஆண்டு வளையங்களை ஒவ்வொன்றாய் எண்ணி அளந்து, கரி காட்டும் ஆண்டை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் திருத்தக் கோடு ஒன்றை அறிஞர் வரைந்துள்ளனர். அக்கோடு பெரும்பாலும் சரிந்து செல்வது. ஆனால் கி.மு. 800 முதல் கி.மு. 400 வரை, நம் கெடுகாலமோ என்னவோ, அது ஏறத்தாழத் தட்டையாய்க் கிடக்கின்றது! ஆத்திரிய நாட்டு ஊர் ஒன்றின் பெயரால் இதனை ஆல்சுடாட்டுத் தட்டை என்பர்.

இதன் பொருளை எளிதாய்ச் சொல்வேன். இரண்டு அகல்விளக்குகளை எண்ணுங்கள். ஒன்றில் எண்ணெய் நிரம்ப ஊற்றி மாலையிலேயே ஏற்றினார்கள். மற்றொன்றில் குறைவாய் ஊற்றி யாமத்தில் ஏற்றினார்கள். விடியலில் வந்து பார்ப்பவனுக்கு இரண்டிலும் ஒரே அளவு எண்ணெய் எஞ்சி நிற்கின்றது. எது முன்னர் ஏற்றப்பட்டது என்று அவன் எவ்வாறு சொல்வான்? கி.மு. 780-இல் வெட்டிய மரமும் கி.மு. 420-இல் வெட்டிய மரமும் இன்று ஏறத்தாழ ஒரே அளவு பதினான்கைக் காட்டுவது இவ்வாறே. முன்னதில் தொடக்கத்திலேயே மிகுதி. பின்னதில் தொடக்கத்திலேயே குறைவு. ஆதலால் இந்த நானூறாண்டுப் பரப்பில் விழும் ஒரு தனிக் கரித்துண்டு, ‘யான் இந்தப் பரப்பினன்’ என்று சொல்லுமேயன்றி, ‘யான் இந்த ஆண்டினன்’ என்று சொல்லாது. 580 என்பது அப்பரப்பினுள் குத்திய ஒரு புள்ளி. ஆய்வகத்தார் எப்போதும் எல்லை இரண்டையும், உறுதியின் அளவையும் சேர்த்தே தருவர். செய்தித்தாள் எல்லைகளை வெட்டிப் புள்ளியை மட்டும் போடுகின்றது; மேடை அப்புள்ளியையும் வீங்கச் செய்கின்றது.

இதனைச் சொன்னவுடன், ‘பகைவர்க்குப் படைக்கலம் எடுத்துக் கொடுக்கின்றீரே’ என்று நண்பர் ஒருவர் சினந்தார். அன்று, இத்தட்டை பகைவரின் கையையும் கட்டுகின்றது. கீழடியின் முதலிரு கட்ட அகழாய்வை நடத்திய அமர்நாத்து இராமகிருட்டிணன் 2023-ஆம் ஆண்டு சனவரியில் 982 பக்க அறிக்கையை நடுவண் தொல்லியல் துறைக்குக் கொடுத்தார். அதில் தொடக்கக் கட்டம் கி.மு. எட்டாம் நூற்றாண்டினின்று தொடங்குவதாகக் குறித்திருந்தார். 2025-ஆம் ஆண்டு மே திங்களில் அத்துறை அதனைத் திருப்பி, தொடக்கக் காலம் மிகப் பழமையாய்க் காட்டப்பட்டுள்ளது, கி.மு. 300-க்குச் சற்று முன் என்பதே கூடியது என்னும் போக்கில் திருத்தி எழுதச் சொன்னது. அவர் மறுத்தார். தம் முடிவு மண்ணடுக்காலும் கரிமக் கணிப்பாலும் ஆயது என்றார்.

இங்கே அறிவியல் கேட்கும் வினா ஒன்றே: திருத்தச் சொல்பவர் எந்தக் கரித்துண்டை அளந்தார்? தட்டையில் விழுந்த கூறு எட்டாம் நூற்றாண்டுக்கும் ஆகலாம், ஐந்தாம் நூற்றாண்டுக்கும் ஆகலாம். ஆனால் தட்டையின் கடைசி விளிம்பே கி.மு. 400 அன்றோ? அவ்விளிம்பும் அசோகனின் கல்வெட்டுகட்கு நூறாண்டுக்கு மேல் முந்தியது. மடல் எழுதிக் கரியின் காலத்தை இறக்க முடியாது. மேடையில் முழங்கி ஏற்றவும் முடியாது. பின்னதை நாம் செய்துகொண்டிருக்கும்வரை முன்னதைக் கண்டிக்கும் நம் குரலுக்கு வலு இராது என்பதே என் வருத்தத்தின் வேர்.

தட்டை ஒன்று மட்டுமே இடர் அன்று. கரி தன் காலத்தைச் சொல்லும். தன்னருகே கிடக்கும் பொருளின் காலத்தைச் சொல்லாது. அருகிருத்தலை மெய்ப்பிப்பது அகழ்வோன் கடன். முந்நூறாண்டு நின்ற மரத்தின் நடுவயிரத்தைத் தூணாக்கினால், அத்தூணின் கரி வீட்டின் காலத்தைக் காட்டாமல் அவ்வயிரம் விளைந்த காலத்தைக் காட்டும். ஆதலால்தான் மரக்கரியினும் நெல்மணி சிறந்த சான்று. நெல் ஓராண்டில் விளைந்து ஓராண்டில் அடங்குவது. பழனிக்கு அண்மையில் பொருந்தலில், தமிழி எழுத்துப் பொறித்த கலத்தொடு கிடைத்த நெல் கி.மு. 490 என்று கணிக்கப்பெற்றதன் சிறப்பு அதுவே. மற்றொரு கூறும் கி.மு. 450 என்று வந்தது. இரண்டும் தட்டைக்குள் விழுவன என்பதனையும் மறைக்காமல் சொல்லல் வேண்டும். கலப்புக்கும் அஞ்ச வேண்டும்: பதினான்கே இல்லாத நிலக்கரியில், நூற்றில் ஒரு பங்கு இற்றைநாள் வேரோ மட்கோ கலந்துவிட்டால், கருவி அதனை ஏறத்தாழ 37,000 ஆண்டு என்று காட்டும்.

நம் ஓலைச்சுவடி ஒன்றினைக் கரிமக் கணிப்புக்கு அனுப்பித் தொல்காப்பியத்தின் காலத்தை நிலைநாட்ட வேண்டும் என ஓர் அன்பர் எனக்கு எழுதியிருந்தார். ஓலை சொல்வது பனை வெட்டிய காலத்தை. பாட்டுப் பிறந்த காலத்தை அன்று. படியெடுத்துப் படியெடுத்து வந்த நூலுக்குக் கரி என்ன செய்யும்? அவர் மடலுக்கு விடை எழுதினேன், மறுமடல் வரவில்லை.

தட்டைக்கு அப்பால் விழும் எண்களைப் பார்க்கும்போது உள்ளம் நிமிர்கின்றது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளைத் தாழியில் கிடைத்த நெல் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பெற்றது. கிருட்டிணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்போடு கிடைத்த கூறு கி.மு. 2172 என்று 2022-இல் சொல்லப்பட்டது. 2025-ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை, சிவகளையில் கி.மு. 3345 வரை செல்கின்றது. இவ்வறிக்கைக்கெனக் கூறுகள் மியாமிக்கு மட்டுமன்றி இலக்குனோ, அகமதாபாது ஆய்வகங்கட்கும் அனுப்பப்பெற்றமையும், ஒளியுமிழ்வுக் கணிப்பும் உடன் செய்யப்பெற்றமையும் பாராட்டற்குரியன. ஆயினும் 3345 என்பது இரும்பின்மேல் எழுதியிருந்த எண் அன்று. உடன்கிடந்த கரியின் எண். அவ்விரும்பும் அக்கரியும் ஒரே நாளில் அத்தாழிக்குள் புகுந்தன என்பதை மேன்மேலும் தாழிகள் திறந்து காட்டக் காட்டத்தான் உலகம் வாய்மூடும். ஒன்று போதாது, பத்து வேண்டும்; பத்தும் ஒரே விடையைச் சொல்ல வேண்டும்.

நம்பிக்கை மிக்க கூட்டத்தார் ஒருகால் எப்படி நடந்துகொண்டனர் என்பதற்கு எடுத்துக்காட்டு ஒன்று சொல்வேன். இத்தாலிய நாட்டுத் தூரின் நகரில், இயேசுநாதரின் உடலைப் போர்த்தியது என்று பல்லாயிரவர் போற்றும் துணி ஒன்று உள்ளது. 1988-ஆம் ஆண்டில் அதன் ஓரத்தை வெட்டி ஆக்சுபோர்டு, சூரிக்கு, அரிசோனா ஆகிய மூன்று இடங்களின் ஆய்வகங்களுக்குக் கொடுத்தனர். மூன்றும் தனித்தனியே அளந்து சொன்ன விடை கி.பி. 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்ட காலம். ஏற்கமாட்டேம் என்பார் இன்றும் உளர், சொற்போர் ஓய்ந்தபாடில்லை. எனினும் தாம் உயிரினும் மேலாய்ப் போற்றிய பொருளையே வெட்டி அயலார் கையில் கொடுக்கும் துணிவு அவர்க்கு இருந்தது. நம் கரிக்கு அத்தகைய அச்சம் ஏதும் இல்லை. அது வெல்லும் கரி. பின்னும் ஏன் தயங்க வேண்டும்?

ஆதலின் யான் வேண்டுவன இவை. கீழடி முதலாய எல்லா அகழிடங்களின் கரிமக் கணிப்புகளும், ஆய்வகம் தந்தபடியே, எல்லைகளோடும் உறுதியளவோடும் ஆழக்குறிப்போடும், பொதுமக்கள் பார்க்குமாறு தமிழில் வெளியிடப்பெறுதல் வேண்டும். நம் இதழ்களும் பேச்சாளரும் ‘கி.மு. எட்டாம் நூற்றாண்டுக்கும் ஐந்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது’ என்று சொல்லப் பழகல் வேண்டும். நாவுக்கு அது நீளமாய்த் தோன்றினாலும், பத்தாயிரம் என்னும் வீக்கத்தினும் அது உறுதியான கல். ஒரே கூறு இரண்டு மூன்று ஆய்வகங்களுக்குப் பகிர்ந்து அனுப்பப்பெறுதல் இனி விலக்காயன்றி வழக்காக வேண்டும். தட்டையின் இடரை வெல்லவும் வழி உண்டு: ஒரே குழியில் மேலிருந்து கீழாய்ப் பத்துப் பதினைந்து கூறுகளை எடுத்து, எது மேலது எது கீழது என்னும் மண்ணடுக்கின் வரிசையையும் கணக்கிற் சேர்த்தால், தட்டையினுள்ளும் ஓரளவு முன்பின் தெரிந்துவிடும். ஒற்றைக் கரித்துண்டால் ஆகாதது கூட்டத்தால் ஆகும்.

மற்றொன்றும் உண்டு. பழைய முறையில் பதினான்கு சிதைவதை எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒரு கிராம் புதுக்கரியில் நிமையத்திற்குப் பதினான்கு அளவே சிதையும். அவ்வொரு கிராமிலே ஏறத்தாழ ஆறாயிரங் கோடிப் பதினான்கு அணுக்கள் இருந்தும், சிதைபவற்றை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தோம். 1977-ஆம் ஆண்டையொட்டி எழுந்த முடுக்கி நிறையளவி, சிதைவுக்குக் காத்திராமல் அணுக்களையே பிரித்து எண்ணுகின்றது. அதனால் ஒரு கிராமில் ஆயிரத்தொரு பங்கு கரியே போதும். ஒரு நெல்மணி போதும். தில்லியிலும் அகமதாபாதிலும் அக்கருவி இயங்குகின்றது. இத்துணை அகழிடம் உடைய தமிழ்நாட்டில், நம் பல்கலைக்கழகம் ஒன்றில் அதனை நிறுவி, நம் பிள்ளைகளையே அதில் பயிற்றுதல் வேண்டும். நம் கரி நம் மண்ணில் அளக்கப்படும்போது அயலார் ஐயுறுவர் எனின், அப்போதும் அதே கூறில் பாதியை மியாமிக்கு அனுப்புவோம். விடை ஒத்தால் ஐயம் ஒழியும். ஒவ்வாவிடின் நம் கருவியைத் திருத்திக்கொள்வோம்.

அதுவரைக்கும் ஒன்று. அகழ்வோர் கிடைத்த கரி முழுவதையும் அளந்து செலவழித்துவிடாமல், ஒவ்வொன்றிலும் ஒரு பங்கைத் தூய கண்ணாடிக் குப்பியில் அடைத்து, இடமும் ஆழமும் நாளும் எழுதி, காப்பகத்தில் வைத்தல் வேண்டும். 1949-இல் பல கிராம் கேட்ட கருவி இன்று ஒரு நெல்மணியைக் கேட்கின்றது. இன்னும் முப்பதாண்டில் அது எதைக் கேட்கும் என்று யார் அறிவார்? என் மாணவி கல்லூரியில் வேதியியல் எடுக்கப் போகின்றாளாம். அவள் அளப்பதற்கும் சிறிது கரி மிச்சம் இருக்கட்டும்.